தோல் நோயும் வாழ்வின் அளவும்



காய்ச்சலை அளக்க ஒரு கருவி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்க மற்றொரு கருவி இருக்கிறது. உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லிவிடுகிறது. ஆனால், தன் தோலில் படர்ந்த நோயைக் கண்டு பிறர் முகம் சுளிப்பார்களோ என்று அஞ்சி, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் போகாமல் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்றால், அந்தத் துன்பத்தை எந்தக் கருவி கொண்டு அளப்பது? அது அளக்கக் கூடியதுதானா? அளந்துதான் என்ன பயன்? இவ்வினாக்களை வைத்துக்கொண்டு இன்று சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். புனே நகரில் மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து வருகிறோம். சுற்றறிக்கைகளையும் விதிமுறைகளையும் ஆங்கிலத்திலிருந்து இந்திக்கு மாற்றிக் கொடுப்பது நமது அன்றாடத் தொழில். ஒரு சொல்லுக்கு நேரான மற்றொரு சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் ஒரு நாள் ஒரு மருத்துவமனையில் தகர்ந்தது. அந்த நிகழ்ச்சியைச் சொல்வதற்கு முன், நோயைப் பற்றியும் அதை அளக்கும் முறைகளைப் பற்றியும் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நலம்.

சோரியாசிஸ் என்பது தோலில் சிவந்த தடிப்புகளாகத் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளி போன்ற செதில்கள் படிந்து உதிரும் ஒரு நோய். சித்த மருத்துவர்கள் இதனைக் காளாஞ்சகப் படை என்பர். முழங்கை, முழங்கால், தலை, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இது மிகுதியாகக் காணப்படும், நகங்களையும் கெடுக்கும், சிலருக்கு மூட்டுக்களிலும் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும். சாதாரணமாக நம் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. இந்நோய் கண்ட இடத்திலோ அந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத தோல் அடுக்கடுக்காக மேலே வந்து செதிலாக உதிர்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல், நிலை தவறித் தன் தோலையே தூண்டிவிடுவதால் விளைவது இது. பரம்பரைக் கூறும் இதில் உண்டு. அடியோடு தீர்ந்துவிடும் நோய் அன்று. ஆனால் மருந்தினால் நன்கு அடக்கி வைக்கக் கூடியது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இது தொற்று நோய் அன்று. தொட்டாலும், ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் உண்டாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது பரவாது. ஆயினும் நெடுங்காலம் மேலைநாட்டு மருத்துவர்களே இதனைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1841ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவ அறிஞர் ஹெப்ரா என்பவர்தாம் இவ்விரண்டும் வேறு வேறு நோய்கள் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். புத்தகங்களில் அந்தக் குழப்பம் தீர்ந்து 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ரயில் பெட்டியிலும், முடிதிருத்தும் கடையிலும், பந்தியிலும் அது இன்னும் தீரவில்லை.

இந்தியாவில் வளர்ந்தவர்களுள் நூற்றுக்கு அரைப் பேருக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, ஏறக்குறைய மூன்று பேர் வரை இந்நோய் இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் கூறுகின்றன. குறைந்த கணக்கையே கொண்டாலும் அது பல இலட்சம் மக்களைக் குறிக்கும். ஆகவே நம் தெருவிலோ, அலுவலகத்திலோ, நம் குடும்பத்திலோ இந்நோயை மறைத்துக்கொண்டு நடமாடுபவர் ஒருவரேனும் இருப்பார் என்று கொள்வதில் தவறில்லை.

இனி, அளவைப் பற்றிப் பார்ப்போம். இந்நோயின் கடுமையை அளக்க, 1978ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் ஒரு முறையை வகுத்தனர். தலைக்கு நூற்றில் 10, கைகளுக்கு 20, உடற்பகுதிக்கு 30, கால்களுக்கு 40 என்று உடம்பை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு, எத்தனை இடத்தைப் பிடித்திருக்கிறது என்று மருத்துவர் கண்ணால் பார்த்து எண் இடுவார். எல்லாம் கூட்டிப் பெருக்கி வரும் தொகை 0 முதல் 72 வரை இருக்கும். மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அறிய இது மிகப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது.

ஆனால் இது மருத்துவரின் கண் கண்ட கணக்கு. நோயாளியின் வாய் திறக்காத கணக்கு. ஒரு மனிதனின் கையளவு, அதாவது விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை, அவன் உடம்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். முதுகில் இரண்டு கையளவுக்குப் படர்ந்த நோயைச் சட்டை மூடிவிடும். கோயில் வாசலில் பூத்தொடுத்து விற்கும் ஒரு பெண்ணுக்கு உள்ளங்கையில் மட்டும் இந்நோய் வந்தால், கணக்கில் அது சிறியது. அவள் பிழைப்பில் அது எல்லாமும் ஆகும். நூல் பட்டு வெடிப்பில் இரத்தம் கசியும். அந்தக் கையிலிருந்து பூ வாங்க மனம் வராமல் மக்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். தோலில் நோய் பிடித்த இடத்தின் பரப்பு ஒன்று. வாழ்க்கையில் அது பிடித்த இடத்தின் பரப்பு மற்றொன்று.

இந்த இரண்டாம் பரப்பை அளக்க முன்வந்தவர்களுள் சிறப்பாகச் சொல்லத் தக்கவர், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் தலைநகரான கார்டிஃபில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஃபின்லே என்னும் தோல் மருத்துவப் பேராசிரியர். 1987ஆம் ஆண்டிலேயே சோரியாசிஸ் நோயாளிகளுக்கென்று ஒரு வினாத்தாளை அவர் வெளியிட்டிருந்தார். பின்னர் அவரும் குல் கரீம் கான் என்பவரும் சேர்ந்து, எல்லாத் தோல் நோய்களுக்கும் பொருந்தக் கூடிய 10 வினாக்களை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் செய்த நல்ல காரியம் என்னவென்றால், வினாக்களைத் தாமே மேசையில் அமர்ந்து கற்பனை செய்யவில்லை. பல்வகைத் தோல் நோய் கொண்ட 120 பேரிடம், இந்த நோய் உங்கள் வாழ்க்கையை எப்படியெல்லாம் பாதிக்கிறது என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன விடைகளிலிருந்தே வினாக்களை வடித்தார்கள். பிறகு 200 நோயாளிகளிடமும், நோயில்லாத 100 பேரிடமும் அவற்றைக் கொடுத்துச் சோதித்தார்கள்.

கடந்த ஒரு வாரத்தில் அரிப்போ எரிச்சலோ வலியோ எவ்வளவு இருந்தது? பிறர் முன் மனம் கூசியதா? கடைக்குப் போவதும் வீட்டு வேலையும் தடைப்பட்டனவா? எந்த உடையை உடுத்துவது என்பதை நோய் தீர்மானித்ததா? நாலு பேரோடு பழகுவது, விளையாட்டு, வேலை அல்லது படிப்பு இவை கெட்டனவா? வாழ்க்கைத் துணையோடும் நண்பர் உறவினரோடும் தொல்லை உண்டாயிற்றா? தாம்பத்திய வாழ்வில் இடர் உண்டா? மருந்திடுவதே ஒரு தொல்லையாக இருக்கிறதா? இவைதாம் அந்தப் பத்து வினாக்களின் சாரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண், மொத்தம் 30. கூட்டுத்தொகை 0 அல்லது 1 என்றால் பாதிப்பு இல்லை. 2 முதல் 5 வரை சிறிது. 6 முதல் 10 வரை நடுத்தரம். 11 முதல் 20 வரை மிகுதி. 20க்கு மேல் மிகமிக மிகுதி. இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். இன்று 100க்கும் மேற்பட்ட மொழிகளில் இது வழங்குகிறது. தமிழும் மராத்தியும் அவற்றுள் அடங்கும்.

எளிய பத்து வினாக்கள்தாமே என்று நினைக்க வேண்டா. 2005ஆம் ஆண்டில் ஃபின்லே பத்தின் விதி என்று ஒன்றைச் சொன்னார். உடம்பில் நோய் பிடித்த பரப்பு நூற்றில் பத்தைத் தாண்டினாலும், மருத்துவர் இடும் கடுமை எண் பத்தைத் தாண்டினாலும், நோயாளி சொல்லும் இந்த எண் பத்தைத் தாண்டினாலும், மூன்றில் ஏதேனும் ஒன்று போதும், நோய் கடுமையானது என்று கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. நோயாளியின் வாய்ச்சொல் மருத்துவரின் அளவுக்குச் சமமான ஆசனத்தில் அமர்ந்தது அப்போதுதான். வெறும் களிம்போடு அனுப்புவதா, ஒளிச் சிகிச்சையோ உள்மருந்தோ கொடுப்பதா என்று முடிவு செய்யும்போது அந்த எண்ணுக்கு இன்று இடம் உண்டு.

புனே வட்டாரத்திலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறிச் சிஞ்ச்வட், தேஹு ரோடு கடந்து போனால் தளேகாவ் தாபாடே என்னும் ஊர் வரும். அங்குள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள், தம்மிடம் வந்த 43 சோரியாசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சமூக வாழ்க்கை பாதிக்கப்பட்டிருந்தது. நூற்றுக்கு 51 பேருக்கு வேலைத்திறன் குறைந்திருந்தது. ஏறத்தாழ 63 பேர் வேலை செய்யும் இடத்தில் மனவேதனைப்பட்டனர். வீட்டிலும் உறவுகளிலும் நெருக்கடி உண்டென்று சொன்னவர்கள் ஏறத்தாழ 70 பேர். மூன்றில் இரண்டு பங்கினருக்கு மனநலக் குறையும் சேர்ந்தே இருந்தது. இவர்கள் தோலைக் காட்டிக்கொள்ள மருத்துவமனைக்கு வந்தவர்கள். தோலை மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் இந்தத் தொகைகளில் ஒன்றேனும் ஏட்டில் ஏறியிருக்காது.

இவ்வளவும் நூல்வழி அறிந்தவை. கண்டறிந்த ஒன்றை இனிச் சொல்லுகிறோம்.

புனேயில் நம்மவர் பலர் ராஸ்தா பேட்டையிலும், கட்கியிலும், பாசறைப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவது நேயர்கள் அறிந்ததே. கட்கியில் நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அக்குடும்பத்துப் பெரியவர் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இளமையில் வந்தவர், ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சந்தையில் காய்கறி வாங்கும் அளவுக்கு மராத்தி பேசுவார். அதற்குமேல் அந்த மொழியோடு அவருக்கு உறவு இல்லை. அவருக்குச் சில ஆண்டுகளாக இந்நோய். நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அவரை அழைத்துச் செல்லும்போது, "நீங்களும் உடன் வந்தால் பேச உதவியாக இருக்கும்" என்று அவர் மகன் கேட்டார். மொழிபெயர்ப்பு நம் தொழில் ஆயிற்றே! மகிழ்ச்சியோடு போனோம். பெரியவரின் மருமகளும் வந்திருந்தார்.

இளம் பெண் மருத்துவர் ஒருவர் பரிவோடு பார்த்தார். பிறகு அந்தப் பத்து வினாத் தாளை எடுத்தார். அன்று கையிருப்பில் மராத்தித் தாளும் இந்தித் தாளுமே இருந்தன. "நான் படிக்கிறேன், நீங்கள் தமிழில் கேளுங்கள்" என்றார். நாமும் கேட்கத் தொடங்கினோம்.

"தோலின் காரணமாக உங்களுக்கு வெட்கமாக இருந்ததா?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்துவிட்டார். "இந்த வயசிலே எனக்கென்ன தம்பி வெட்கம்?" என்றார். எண் 0.

"உங்கள் சமூக நடவடிக்கைகள் பாதிக்கப்பட்டனவா?" என்றோம். அவர் சற்று மிரண்டு போய், "நமக்கு எந்தக் கட்சியும் இல்லை, சங்கமும் இல்லை தம்பி" என்றார். பொருந்தாது என்ற கட்டத்தில் குறி விழுந்தது. அதற்கும் எண் 0.

"உறவினரோடு சிக்கல் ஏதேனும் உண்டா?" என்றோம். "யாரோடும் எனக்குச் சண்டை கிடையாது. பிள்ளையும் மருமகளும் தங்கமாகப் பார்த்துக்கொள்ளுகிறார்கள்" என்று மருமகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எண் 0.

ஒன்பதாம் வினா வந்தது. மருமகள் பக்கத்தில் நிற்கிறார்; பெரியவரோ மனைவியை இழந்தவர். நமக்கு நாக்கு எழவில்லை. கேட்காமலே, பொருந்தாது என்று நாமே மருத்துவரிடம் சொல்லிவிட்டோம்.

அரிப்பு கொஞ்சம் உண்டு என்றதற்கு 1. பிசுபிசுக்கும் களிம்பு மிகுந்த தொல்லை என்றதற்கு 2. ஆகக் கூட்டுத்தொகை 3. பாதிப்பு சிறிது. உடம்பிலும் நோய் பரந்து கிடக்கவில்லை. அதே களிம்பைத் தொடர்ந்து பூசுமாறு சொல்லி மருத்துவர் அனுப்பினார். அவர்மேல் குற்றம் இல்லை. அவர் கேட்டது சரி; அவர் கூட்டியதும் சரி.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்கிக்குப் போயிருந்தோம். மே மாதம். வெயில் கொளுத்துகிறது. பெரியவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தானிட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. "வெள்ளையாகத்தான் போடுவேன் தம்பி, தலையிலிருந்து உதிர்வது தெரியாது பாருங்கள்" என்றார். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முடிதிருத்தும் கடைக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு முறை கடைக்காரர் துண்டைப் போர்த்துவிட்டுத் தலையைப் பார்த்ததும், நாற்காலியில் காத்திருந்தவர் ஒருவர் எழுந்து வெளியே போனாராம். அன்று முதல் வீட்டிலேயே கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்கிறார். நம் மக்கள் கட்டிய அம்மன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முன்பெல்லாம் முன்னின்று உழைத்தவர், இப்போது போவதில்லை. ஒரு திருமணப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் தம் இலையைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததிலிருந்து பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார். வீட்டில் தமக்கென்று ஒரு பித்தளைக் குவளையைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார். யாரும் சொல்லவில்லை, தாமாகவே வைத்துக்கொண்டார். படுக்கை விரிப்பில் உதிர்ந்து கிடக்கும் செதிலை மருமகள் கண்ணில் படுமுன் விடியற்காலையில் எழுந்து தாமே உதறிவிடுகிறார். இரண்டு வயதுப் பேரன் தாத்தா என்று ஓடி வந்தால், கையில் மருந்து இருக்கிறது என்று சொல்லி விலகிக்கொள்கிறார்.

"நாலு பேர் முன்னால் போய் நிற்க மனசு கூசுது தம்பி" என்றார் கடைசியில்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நமக்குத் தலை குனிந்தது. வெட்கம் என்று நாம் கேட்டோம். அவரிடம் இருந்தது கூச்சம். சமூக நடவடிக்கை என்று கேட்டோம். அவர் இழந்திருந்தது பந்தியும் திருவிழாவும். உறவினரோடு சிக்கல் என்று கேட்டோம். சிக்கல் என்றால் அவருக்குச் சண்டை. பேரனைத் தூக்காமல் இருப்பது சண்டை அன்றே! அகராதிப்படி நம் சொற்களில் பெரிய பிழை இல்லை. ஆனால் அவை சுற்றறிக்கைத் தமிழ். அந்தத் தமிழில் கேட்டதனால் ஒரு மனிதரின் துன்பம் 3 என்று பதிவாயிற்று.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, நம் தவற்றை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் சினம் கொள்ளவில்லை. முறையாக ஆக்கப்பட்ட தமிழ்த் தாளையே வருவித்துக் கொடுத்தார். குடும்பத்தார் எல்லாரும் வெளியே இருந்தோம். பெரியவர் தனியே அமர்ந்து தாமே படித்துத் தாமே குறியிட்டார். அரிப்பு 2, கூச்சம் 2, கடைத்தெரு 1, உடை 3, நாலு பேரோடு பழகுவது 3, உறவு 3, மருந்தின் தொல்லை 2. கூட்டினால் 16. அதே மனிதர், அதே தோல். 3ஆக இருந்தது 16 ஆயிற்று. மருத்துவர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு களிம்போடு ஒளிச் சிகிச்சையும் தொடங்கலாம் என்று முடிவு செய்தார்.

முறையான தமிழாக்கம் என்று சொன்னோம். இத்தகைய வினாத்தாட்களை மொழிபெயர்ப்பதற்கு ஒரு நெறி உண்டு. இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டு போவார்கள். போன பொருளே திரும்பி வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் நோயாளிகளிடம் கொடுத்து, இதைப் படித்தால் உங்களுக்கு என்ன பொருள் தோன்றுகிறது என்று கேட்பார்கள். இத்தனை பேர் இத்தனை முறை செய்யும் வேலையை, நாம் ஒருவராக, நின்ற நிலையில், நொடிப் பொழுதில் செய்ய முனைந்தோம். செருக்கு என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

வாழ்க்கைத்தரம் என்பதைப் பற்றிக் கேட்கும் வினாக்களை ஒரு மொழியில் மட்டும் ஆக்கிவிட்டு மற்ற மொழிகளில் பெயர்த்தால் போதாது என்பதை உலக சுகாதார நிறுவனமும் உணர்ந்திருந்தது. 1990களில் அந்நிறுவனம் வாழ்க்கைத்தரத்துக்கு ஒரு பொது அளவுகோலை வகுத்தபோது, உலகின் 15 நகரங்களில் ஒரே சமயத்தில் வேலையை நடத்திற்று. அவற்றுள் புதுதில்லி ஒன்று. நம் சென்னை ஒன்று. எது நல்வாழ்வு என்று உலகத்தைக் கேட்டபோது, தமிழ் பேசும் மக்களும் விடை சொன்னார்கள் என்பதில் நாம் மகிழலாம்.

மற்றொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பத்து வினாத் தாளில், பொருந்தாது என்று குறியிட்டாலும் எண் 0. ஒரு வினாவை விடையின்றி விட்டாலும் எண் 0. விளையாடும் வழக்கமே இல்லாதவருக்கு இது சரி. ஆனால், நோயின் காரணமாகவே ஒன்றை விட்டுவிட்டவருக்கு? கோயிலுக்குப் போகும்போது கூசியது என்று சொல்பவருக்கு 2 கிடைக்கிறது. போவதையே நிறுத்திவிட்டவர், அது எனக்குப் பொருந்தாது என்கிறார், அவருக்கு 0. மிகுதியாக இழந்தவரின் கணக்கு இப்படிக் குறைந்து போகக் கூடும். அறிஞர்கள் இதைக் கவனியாமல் இல்லை. 2018ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள், பொருந்தாது என்ற விடைகளையும் கருத்தில் கொண்டு எண்ணைத் திருத்தும் ஒரு புதிய கணக்கு முறையை முன்வைத்தனர். ஆகவே அளவுகோல் என்பது முடிந்த முடிபு அன்று. கேட்கக் கேட்கத் திருந்துவது.

எண்ணால் துன்பம் முழுவதையும் சொல்லிவிட முடியாது என்பார்கள். உண்மை. ஆயினும் எண் இல்லாவிட்டால், அந்தத் துன்பம் மருத்துவ ஏட்டுக்குள் நுழையவே வழியில்லை. 2014ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை சோரியாசிஸைப் பற்றித் தனியே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நோயாளிகள் அடையும் புறக்கணிப்பை எதிர்த்து நிற்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய அறிக்கை ஒன்றையும் வெளியிட்டது. பல நாடுகளில் பல்லாயிரம் நோயாளிகள் வினாத்தாட்களில் இட்ட சிறு சிறு குறிகளும் இத்தகைய தீர்மானங்களுக்குப் பின்னால் நிற்கின்றன.

எண் செய்யும் வேலையைக் கலை வேறு விதமாகச் செய்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் இந்நோயோடு வாழ்ந்தவர். 1989ஆம் ஆண்டில் வெளியான தம் வாழ்க்கை நினைவுகளில், தம் தோலோடு தாம் நடத்திய போராட்டத்துக்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். புனேயைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர்களான சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தங்கரும், வேறொரு தோல் குறையான வெண்புள்ளியைப் பொருளாகக் கொண்டு 2006ஆம் ஆண்டில் "நிதள்" என்னும் மராத்திப் படத்தை எடுத்தனர். முகத்தில் வெண்புள்ளிகள் உடைய பெண் மருத்துவர் ஒருவரை ஒரு குடும்பம் எப்படிப் பார்க்கிறது என்பதே கதை. நிதள் என்றால் தெளிந்தது என்று பொருள். தெளிய வேண்டியது தோல் அன்று. பார்க்கும் கண் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நேயர்களே, தாய்மொழி வழங்காத ஊரில் வாழ்கின்ற நமக்கு இதில் சில கடமைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டு முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, இத்தகைய வினாத்தாள் தமிழில் கிடைக்குமா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. இடைநின்று மொழிபெயர்க்க நேர்ந்தால், அவர் வீட்டில் பேசும் சொல்லைக் கொண்டே கேளுங்கள். விடையை நீங்களே ஊகித்துச் சொல்லிவிடாதீர்கள். நாம் கேட்காமல் விட்ட அந்த ஒன்பதாம் வினா, பெரியவருக்குப் பொருந்தாததாக இருந்திருக்கலாம். மணமாகி ஓராண்டே ஆன ஓர் இளைஞனுக்கு அதுவே முதன்மையான வினாவாக இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்துத் தாய் தந்தையரிடம் இவற்றைக் கேட்கச் செய்யாதீர்கள். எந்தத் தாயும் தன் துயரத்தைத் தன் குழந்தையின் வாயால் சொல்ல மாட்டாள்.

நோயுடையவர்களுக்கும் ஒரு சொல். பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்பது நம் வாயில் தானாகவே வரும். வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் அது பண்பு. மருத்துவரிடம் அது பிழை. அரிப்பு இரவில் தூங்கவிடவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். போவதை நிறுத்திவிட்ட இடங்களின் பெயரைச் சொல்லுங்கள்.

பெரியவரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறோம். சில மாதச் சிகிச்சைக்குப் பின் அதே தமிழ்த் தாளை மீண்டும் கொடுத்தார்கள். 16ஆக இருந்தது 6 ஆகியிருந்தது. நான்கு எண் குறைந்தாலே நோயாளி உணரத்தக்க மாற்றம் என்று ஆய்வாளர்கள் கூறுவர்; இங்கே பத்து எண் குறைந்தது. அரைக்கைச் சட்டை போடத் தொடங்கியிருக்கிறார். பித்தளைக் குவளை மற்றக் குவளைகளோடு அலமாரிக்குப் போய்விட்டது. சென்ற முறை நாம் போயிருந்தபோது பேரன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

எஞ்சிய ஆறில் மூன்று எண் ஒரே வினாவுக்கு உரியது. நாலு பேரோடு பழகுவது. திருமணப் பந்தியில் அவர் இன்னும் உட்காருவதில்லை. அந்த மூன்றைக் குறைக்கும் மருந்து மருத்துவரிடம் இல்லை. பக்கத்து இலையில் அமர்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்து இலைக்காரர் நாளை நம்மில் ஒருவராக இருக்கலாம். அப்போது நம் இலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.